எதிராளி இல்லாத சீட்டாட்டம்: தீர்ப்புச் சொல்வது யார்?

நான்கு பேர் சீட்டு ஆட உட்காருகிறார்கள். ஒருவர் ஜெயிக்கிறார். மூன்று பேர் தோற்கிறார்கள். எல்லோருக்கும் தெரிந்த சீட்டாட்டம் இதுதான்.

நான்கு பேரும் சேர்ந்து ஜெயிக்கிற ஆட்டமும் உண்டு. தோற்றால், நான்கு பேரும் சேர்ந்தே தோற்க வேண்டும். இதைக் "கூட்டாட்டம்" என்று சொல்லலாம்.

சீட்டு என்றதும் வீட்டுப் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அதில் தவறு இல்லை. சீட்டால் நிலத்தை இழந்தவன் கதை, வீட்டை இழந்தவன் கதை எந்த ஊரிலும் கிடைக்கும். ஆனால் கூட்டாட்டத்தில் பந்தயத்துக்கு இடமே கிடையாது. யாரிடமிருந்து யார் பணம் வாங்குவது? எல்லோரும் ஒரே கட்சி ஆயிற்றே!

அப்படியானால் எதிராளி யார்?

சீட்டுக்கட்டுதான் எதிராளி. அது தரும் தொல்லைகளை எல்லோரும் ஒன்றுகூடிச் சமாளிக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் ஒரு வம்பும் இருக்கிறது. சாதாரண ஆட்டத்தில் ஒருவர் விதியை மீறினால், எதிரே இருப்பவர் சும்மா இருப்பாரா? "அது செல்லாது! சீட்டை எடு!" என்று சத்தம் போடுவார். அவருடைய சுயநலமே காவல்காரனாக நின்று விதியைக் காப்பாற்றுகிறது. கூட்டாட்டத்திலோ, எதிராளிக்கு வாய் இல்லை. சீட்டில் இருக்கும் வாசகத்தைத் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பிக்கொண்டால், கேட்க ஆள் இல்லை. நான்கு பேருக்கும் ஜெயிக்க ஆசை. நான்கு பேரும் தலையை ஆட்டுவார்கள்!

ஆகையால், இந்த ஆட்டத்தில் வாதியும் அவர்களே, நீதிபதியும் அவர்களே.

<b>52 சீட்டு போதும்</b>

நியூஸிலாந்து நாட்டுக்காரர்கள் உண்டாக்கிய "ரெஜிசைட்" என்ற ஆட்டம் 2020-ல் வெளிவந்தது. ராஜாவைக் கொல்வது என்று அந்தச் சொல்லுக்கு அர்த்தம். பெயர்தான் பயங்கரம். வீட்டில் கிடக்கும் சாதாரண 52 சீட்டுக் கட்டை வைத்தே இதை ஆடலாம்.

நான்கு ஜாக்கி, நான்கு ராணி, நான்கு ராஜா. இந்தப் பன்னிரண்டு பேரும் எதிரிகள். ராஜாக்களை அடியில் வைக்க வேண்டும். அதன்மேல் ராணிகள். எல்லாவற்றுக்கும் மேலே ஜாக்கிகள். மேலே இருப்பவனைத்தான் முதலில் சந்திக்க வேண்டும்.

மற்ற 40 சீட்டும் ஆடுகிறவர்களின் படை. நான்கு பேர் ஆடினால் இரண்டு ஜோக்கர்களையும் அதில் சேர்த்து, ஆளுக்கு 5 சீட்டு போடுவார்கள்.

ஜாக்கிக்கு 20 உயிர். அவன் திருப்பி அடிப்பது 10. ராணிக்கு 30 உயிர், அடி 15. ராஜாவுக்கு 40 உயிர், அடி 20. ஒருவர் சீட்டைப் போட்டால் அதில் உள்ள எண்ணிக்கை எதிரியின் உயிரில் குறையும். எதிரி சாகாவிட்டால் திருப்பி அடிப்பான். சீட்டுப் போட்டவர் அந்த அடிக்கு ஈடாகத் தன் கைச்சீட்டுகளைக் கழிக்க வேண்டும். கையில் உள்ளதை எல்லாம் கூட்டியும் போதவில்லையா? ஆட்டம் முடிந்தது. அவர் மட்டும் அல்ல, எல்லோருமே அவுட்!

ஒவ்வொரு ஜாதிச் சீட்டுக்கும் ஒரு சக்தி உண்டு. ஆட்டின், கழித்த சீட்டுகளைத் திரும்பக் கட்டின் அடியில் சேர்க்கும். டைமன், கட்டிலிருந்து புதுச் சீட்டு எடுத்துக் கொடுக்கும். கிளாவர், அடியை இரட்டிப்பாக்கும். ஸ்பேடு ஒரு கேடயம். எதிரியின் அடியைக் குறைக்கும். எதிரி எந்த ஜாதியோ, அந்த ஜாதிச் சீட்டின் சக்தி அவனிடம் பலிக்காது.

விதி இவ்வளவுதான். சண்டை எங்கே வருகிறது, பாருங்கள்.

எதிரே கிளாவர் ஜாக்கி. ஒருவர் கிளாவர் 7 போடுகிறார். "கிளாவர் என்றால் இரட்டிப்பு. 14 அடி!" என்கிறார். "கிளாவர் ஜாக்கியிடம் கிளாவர் செல்லாது. அடியே இல்லை!" என்கிறார் அடுத்தவர். இரண்டும் தப்பு. பலிக்காது என்று விதி சொல்வது சக்தியைத்தான். சீட்டே செல்லாது என்று அது சொல்லவில்லை. ஆகவே இரட்டிப்பு போயிற்று, 7 நிற்கிறது. ஒரே ஒரு சொல்லைக் கவனித்தால் வழக்கு தீர்ந்துவிடும்.

இன்னொன்று. எதிரியின் உயிர் மிச்சம் இல்லாமல் சரியாகத் தீர்ந்தால், அவன் செத்தவன் ஆக மாட்டான். கட்சி மாறிவிடுவான்! கட்டின் மேல் அவனைக் கவிழ்த்து வைக்க வேண்டும். பிறகு அவனை எடுப்பவருக்கு, ஜாக்கியானால் 10, ராணியானால் 15, ராஜாவானால் 20 மதிப்புள்ள சீட்டு கிடைக்கும். ஒன்று கூடிப்போனாலும் இந்தப் பாக்கியம் இல்லை. அவன் கழித்த சீட்டுகளோடு போய்விடுவான்.

ஜாக்கிக்கு 6 உயிர் பாக்கி. பையன் கையில் 8 இருக்கிறது.

"தாத்தா! எட்டில் ஆறு மட்டும் அடிக்கிறேன். இரண்டு வேண்டாம். ஜாக்கி நம்ம பக்கம் வந்துவிடுவான், இல்லையா?"

தாத்தாவுக்குப் பேரன்மேல் ஆசை. "வைத்துக்கொள், யார் கேட்கப் போகிறார்கள்?" என்று சொல்லத் தோன்றும். ஆனால் "சரியாக" என்ற சொல் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நான்கு பேரும் மண்டையை உடைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறார்கள். அதை விட்டுக்கொடுத்தால் கணக்கே வேண்டாம், பெரிய சீட்டாகப் போட்டு அடித்துக்கொண்டே போகலாம். ஆட்டத்தின் உயிர் போய்விடும். தாத்தா மறுப்பதுதான் பேரனுக்குச் செய்யும் உபகாரம்.

விதியைப் பின்பற்றினால் எப்போதும் நஷ்டம்தான் என்று நினைக்க வேண்டாம். ஒரே எண் உள்ள சீட்டுகளை, மொத்தம் 10-க்கு மேல் போகாமல், ஒன்றாகப் போட விதி இடம் கொடுக்கிறது. ஆட்டின் 5-ஐயும் டைமன் 5-ஐயும் ஸ்பேடு ராணிக்கு எதிராக ஒருவர் போடுகிறார். மொத்தம் 10. கட்டிலோ இரண்டு சீட்டுதான் பாக்கி. டைமனை முதலில் பார்த்தால் இரண்டு சீட்டோடு சரி. ஆட்டினை முதலில் பார்த்தால், கழித்ததிலிருந்து 10 சீட்டு கட்டில் சேர்ந்துவிடும். பிறகு டைமனுக்கு 10 சீட்டும் கிடைக்கும். எது முதல்? ஆட்டின்தான் முதல் என்று விதியே சொல்லிவிட்டது! படிக்காமல் ஆடுகிறவர்கள் தங்களுக்குச் சேர வேண்டியதைத் தாங்களே இழக்கிறார்கள்.

சில இடங்களில் ஊகம் உதவாது. எதிரியின் மேல் ஜோக்கரைப் போட்டால், அவன் ஜாதிச் சீட்டின் சக்தியும் அவனிடம் பலிக்க ஆரம்பிக்கும். அதற்கு முன்பே போட்ட சீட்டுகள்? ஸ்பேடு ஆனால் உயிர் பெற்று எழுந்து கேடயம் ஆகிவிடும். கிளாவர் ஆனால் பழைய அடி இரட்டிப்பாகாது. ஒன்றுக்கு ஒரு நியாயம், இன்னொன்றுக்கு வேறு நியாயமா என்று தோன்றலாம். கேடயம் எதிரி இருக்கும்வரை கையில் நிற்பது. அடி, அடித்த அந்த நேரத்தோடு முடிந்துபோவது. யோசித்தால் விளங்குகிறது. ஆனாலும், யோசித்தே இதைக் கண்டுபிடித்திருக்க முடியாது. விதிப் புத்தகத்தைப் புரட்டத்தான் வேண்டும்.

<b>தெரியாமல் கிடைத்த வெற்றி</b>

அமெரிக்காவைச் சேர்ந்த மாட் லீக்காக் உண்டாக்கிய "பாண்டமிக்" ஆட்டம் 2008-ல் வந்தது. கூட்டாட்டங்களில் பெரிய புகழ் பெற்றது இது. இதில் உலகப் படம் ஒன்றும் உண்டு. 48 நகரங்கள். நான்கு வியாதிகள். நான்குக்கும் மருந்து கண்டுபிடித்தால் எல்லோருக்கும் வெற்றி.

எந்த ஊரில் வியாதி பரவும் என்பதை ஒரு தனிச் சீட்டுக்கட்டு சொல்லும். நடுவில் "கொள்ளைநோய்" சீட்டு வந்து விழும். அப்போது, ஏற்கெனவே திறந்து போட்ட ஊர்ச் சீட்டுகளை மட்டும் கலைத்து, கட்டின் மேலே வைக்க வேண்டும். "மட்டும்", "மேலே" என்ற இரண்டு சொற்களில்தான் விஷம் இருக்கிறது. அடிபட்ட ஊரே மறுபடியும் அடிபடும்!

புதிதாக ஆடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? சீட்டைக் கலைப்பது என்றால் முழுக் கட்டையும் சேர்த்துக் கலைப்பதுதானே வழக்கம்? அதன்படியே செய்துவிடுவார்கள். வியாதி உலகம் முழுவதும் பரவலாகச் சிதறிவிடும். எந்த ஊருக்கும் பெரிய ஆபத்து இல்லை. சுலபமாக ஜெயித்துவிட்டு, "இது என்ன பிரமாதம்?" என்று பெட்டியை மூடிவிடுவார்கள். அவர்கள் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. ஆனால் அவர்கள் ஆடியது வேறு ஆட்டம்.

ஓர் ஆட்டம் எதிர்பாராத அளவுக்குச் சுலபமாக இருந்தால், ஏதோ ஒரு சொல்லைத் தாண்டிக் குதித்துவிட்டோம் என்று சந்தேகப்படுவது நல்லது.

இதே ஆட்டத்தில் ஒருவர் இன்னொருவருக்குச் சீட்டுக் கொடுக்கலாம். ஆனால் இரண்டு பேரும் ஒரே ஊரில் இருக்க வேண்டும். கொடுக்கும் சீட்டும் அந்த ஊரின் சீட்டாகவே இருக்க வேண்டும். ஆராய்ச்சியாளராக ஆடுபவருக்கு மட்டும் ஒரு சலுகை. அவர் தம்மிடம் உள்ள எந்த ஊர்ச் சீட்டையும் கொடுக்கலாம். அப்படியானால் எங்கே இருந்தாலும் கொடுக்கலாமா? கூடாது. சலுகை சீட்டுக்குத்தான். ஒரே ஊரில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீங்கவில்லை. ஒரு விலக்கு கிடைத்தால் எல்லா விலக்கும் கிடைத்ததாக எண்ணுவது மனித சுபாவம் போலும்!

<b>"லாம்" படுத்தும் பாடு</b>

இந்த ஆட்டங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அச்சாகி வருகின்றன. தமிழ் வீட்டில், ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் படித்து மற்றவர்களுக்குச் சொல்வார். அங்கே ஒரு சின்ன ஆபத்து இருக்கிறது.

ஆங்கிலத்தில் "மே" என்றால், விருப்பம் இருந்தால் செய்யலாம், இல்லாவிட்டால் விடலாம். "மஸ்ட்" என்றால், செய்தே தீர வேண்டும். தமிழில் "ஒரு சீட்டு எடுக்கலாம்" என்று சொன்னால் எப்படிக் கேட்கிறது? "சரி, எடுப்போம்!" என்றுதான் குழந்தைக்குக் கேட்கும். "சினிமாவுக்குப் போகலாம்" என்று அப்பா சொன்னால், போவது நிச்சயம் என்றுதானே அது துள்ளிக் குதிக்கிறது! ஆகையால் சீட்டைத் தமிழில் சொல்பவர், "வேண்டுமானால் எடுக்கலாம், வேண்டாம் என்றால் விடலாம்" என்று நீட்டியே சொல்ல வேண்டும்.

"கேனாட்" என்ற சொல் இதைவிடப் பொல்லாதது. தமிழில் "முடியாது" என்று சொன்னால், "ஏன் முடியாது? இன்னொரு சீட்டை வைத்து முடித்துக் காட்டுகிறேன்" என்று ஒருவர் கிளம்புவார். அங்கே "கூடாது" என்பதே பொருத்தம். 2016-ல் அமெரிக்காவில் வெளிவந்த "ஆர்காம் ஹாரர்" சீட்டாட்டத்தின் விதிப் புத்தகம் இதை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்கிறது. ஒரு சீட்டு கூடாது என்றால், வேறு எந்தச் சீட்டும் அதை மீற இடம் இல்லை.

அதே புத்தகம் "பிறகு" என்ற சொல்லுக்கும் இலக்கணம் வகுத்திருக்கிறது. உதாரணமாக, "இரண்டு சீட்டைக் கழி. பிறகு ஒரு தடயம் எடு" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கையில் ஒரே சீட்டு. அதைக் கழித்துவிட்டுத் தடயத்துக்குக் கை நீட்டலாமா? நீட்டக் கூடாது. "பிறகு" என்பதற்கு முன்னால் உள்ளது முழுவதும் நடந்தால்தான், பின்னால் உள்ளது நடக்கும். பாதி வேலைக்குப் பாதிக் கூலிகூடக் கிடையாது!

விதிப் புத்தகம் ஒன்று சொல்லி, சீட்டு வேறு சொன்னால்? சீட்டுக்கே ஜெயம். ஒவ்வொரு சீட்டும் பொது விதிக்கு ஒரு விலக்காகவே பிறக்கிறது. அந்த விலக்கு செல்லாது என்றால் சீட்டே எதற்கு?

<b>கெட்டதைத் தேர்ந்தெடு!</b>

சீட்டைப் படித்தாயிற்று. புத்தகத்தையும் புரட்டியாயிற்று. இரண்டு அர்த்தம் வருகிறது. எது சரி என்று தெரியவில்லை. அப்போது என்ன செய்வது?

"ஆர்காம் ஹாரர்" இதற்கு ஒரு விசித்திரமான விதி வைத்திருக்கிறது. விடை கிடைக்காவிட்டால், அந்த நேரத்தில் ஆடுகிறவர்களுக்கு எது மிகவும் கெடுதலோ அதையே சரி என்று வைத்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடர வேண்டும்!

இது என்ன கொடுமை என்று தோன்றும். ஆனால் இதில் உள்ள புத்திசாலித்தனத்தைக் கவனிக்க வேண்டும். வாயில்லாத எதிராளிக்கு இந்த விதி ஒரு வக்கீலை வைத்துக் கொடுக்கிறது. சந்தேகத்தின் பலன் எதிரிக்கே. அரை மணி நேரம் வாதாடி ஒரு சலுகை பெறலாம் என்ற ஆசைக்கு இடமே இல்லை. வாதாடினாலும் லாபம் இல்லை என்று தெரிந்தால் வாதம் தானே நின்றுவிடும். ஜெயித்தாலும், "அன்றைக்கு அந்தச் சீட்டைக் கொஞ்சம் வளைத்தோமே" என்ற உறுத்தல் இருக்காது.

ஆனால், எட்டு வயதுக் குழந்தை உட்கார்ந்து ஆடும்போது இப்படிக் கடுமையாக இருக்கத்தான் வேண்டுமா? ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தோற்றுக்கொண்டே இருந்தால் குழந்தை அழாதா?

அழும். அதற்கு வழி, ஆட்டத்தின் நடுவில் சீட்டின் அர்த்தத்தை வளைப்பது அல்ல. ஆரம்பிக்கும் முன்பே ஆட்டத்தை எளிதாக்கிக்கொள்ளலாம். "பாண்டமிக்" ஆட்டத்தில், கொள்ளைநோய்ச் சீட்டு 4 போட்டால் புதியவர்களுக்கு, 5 போட்டால் பழகியவர்களுக்கு, 6 போட்டால் சூரர்களுக்கு என்று பெட்டியிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். "இன்றைக்கு நான்கு போதும்" என்று எல்லோருக்கும் தெரிய வைத்துவிட்டு ஆடலாம். அது சலுகை. சீட்டைத் திருப்பிய பிறகு, "இதற்கு அர்த்தம் அது இல்லை" என்று ஆரம்பித்தால் அது வேறு. முதலாவதைக் குழந்தை புரிந்துகொள்ளும். இரண்டாவதைக் கற்றுக்கொள்ளும்!

தீர்ப்பை அடுத்த சீட்டைத் திறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சீட்டைப் பார்த்துவிட்டால் மனசு அதன் பக்கம் சாய்ந்துவிடும். சொன்ன தீர்ப்பை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பெட்டியில் போட்டு வைத்தால், அடுத்த வாரம் அதே சண்டை வராது. பெரிய ஆட்டங்களுக்கு, வெளியிட்டவர்களே பின்னால் சந்தேக விளக்கம் அச்சிட்டுக் கொடுப்பதும் உண்டு. அது கிடைக்கும்வரை வீட்டுத் தீர்ப்பு நிற்கலாம்.

<b>சீட்டு யார் கையில்?</b>

கூட்டாட்டத்தில் அடிக்கடி நடக்கும் அநியாயம் ஒன்று உண்டு. நன்றாக ஆடத் தெரிந்த ஒருவர் எல்லோருடைய ஆட்டத்தையும் தாமே ஆடிவிடுவார். "நீ அங்கே போ. அவள் அந்தச் சீட்டைப் போடட்டும். அம்மா, நீங்கள் சும்மா இருங்கள்." மற்ற மூன்று பேருக்கும் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும் வேலைதான்.

சீட்டில் வாசகம் இருந்தால் இது இன்னும் மோசம். அம்மா எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருப்பார். காலேஜில் படிக்கும் மகன் வெடுக்கென்று சீட்டைப் பிடுங்கி, ஒரு பார்வை பார்த்து, "ஒன்றும் இல்லை அம்மா, இரண்டு சீட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதான்" என்பான். வேகமாகப் படித்தவன் "வேண்டுமானால்" என்ற சொல்லை விட்டிருப்பான். மெல்லப் படித்த அம்மா அதில்தான் விரலை வைத்துக்கொண்டிருப்பார்! ஒவ்வொரு எழுத்தாகப் படிக்கிறவர் எந்தச் சொல்லையும் தாண்டிப் போவதில்லை. இந்த ஆட்டத்துக்கு வேண்டியது அந்தப் படிப்புத்தான். சீட்டு யார் கையில் இருக்கிறதோ, அவரே உரக்கப் படிக்கட்டும். ஆங்கிலச் சீட்டானால், தெரிந்தவர் சாரத்தைச் சொல்லாமல் சொல்லுக்குச் சொல் சொல்லட்டும். "ரெஜிசைட்" போன்ற ஆட்டத்தில் இந்தத் தொல்லையே இல்லை. சீட்டில் வாசகம் கிடையாது. விதிகளை ஒரு காகிதத்தில் தமிழில் எழுதி நடுவில் வைத்துவிடலாம். எழுதும் வேலையைப் பெண்ணிடமோ பையனிடமோ கொடுத்தால் அவர்களே சட்ட நிபுணர்கள் ஆகிவிடுவார்கள்!

ஒருவரே எல்லாவற்றையும் ஆடிவிடக் கூடாது என்பதற்காக, சில ஆட்டங்கள் வாயைக் கட்டுகின்றன. "ரெஜிசைட்" ஆட்டத்தில் கையில் என்ன இருக்கிறது என்று சொல்லக் கூடாது. ஜோக்கர் போட்டவர் அடுத்து யார் ஆடுவது என்று தீர்மானிப்பார். அப்போது மட்டும், "நான் ஆடுகிறேன்" என்றோ, "எனக்கு வேண்டாம்" என்றோ சொல்லலாம். ஏன் என்று சொல்லக் கூடாது.

பிரெஞ்சுக்காரர் அந்துவான் போசா உண்டாக்கிய "ஹனாபி" இன்னும் வேடிக்கை. 2010-ல் வந்த இந்த ஆட்டம், 2013-ல் ஜெர்மனியில் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டத்துக்கான பரிசைப் பெற்றது. ஹனாபி என்றால் ஜப்பானிய மொழியில் வாண வேடிக்கை. ஒவ்வொருவரும் தம் சீட்டைத் தாம் பார்க்காமல், மற்றவர்களுக்குத் தெரியும்படி வெளிப்புறமாகத் திருப்பிப் பிடித்துக்கொள்ள வேண்டும்! ஐந்து நிறத்திலும் ஒன்று முதல் ஐந்து வரை வரிசையாக அடுக்க வேண்டும். தன் கையில் என்ன இருக்கிறது என்று மற்றவர் சொல்லித்தான் தெரிய வேண்டும். அதற்கு எட்டு வில்லைகள். ஒரு தகவலுக்கு ஒரு வில்லை செலவு.

தகவல் சொல்வதற்கும் விதி உண்டு. நிறத்தைச் சொல்லலாம், அல்லது எண்ணைச் சொல்லலாம். ஒரு நிறத்தைச் சொன்னால் அந்த நிறத்தில் உள்ள எல்லாச் சீட்டையும் காட்ட வேண்டும். கையில் மூன்று சிவப்பு இருக்க, வேண்டிய ஒன்றை மட்டும் தொட்டு "இது சிவப்பு" என்றால் அது மோசடி. குரலில் ஓர் அழுத்தம் கொடுத்து "இது... சிவப்பு!" என்று கண்ணைச் சிமிட்டினால்? அதுவும் ஒரு தகவல்தான். வில்லை கொடுக்காமல் வாங்கிய தகவல்!

இந்த ஆட்டத்தில் ஒரு தீராத வழக்கு இருக்கிறது. ஒருவர் கையில் நீலமே இல்லை. "உன்னிடம் நீலம் ஒன்றும் இல்லை" என்று சொல்வதும் தகவல் ஆகுமா? ஆகும் என்பார் சிலர். உள்ளதைக் காட்டுவதுதானே விதி, இல்லாததை எப்படிக் காட்டுவது என்பார் சிலர். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். சீட்டைப் பங்கிடும் முன்பே வைத்துக்கொள்ள வேண்டும். கையில் சீட்டு வந்த பிறகு இந்தக் கேள்வியை எழுப்பினால், கேட்ட மாத்திரத்திலேயே, "ஓகோ, யாரோ ஒருவர் கையில் நீலம் இல்லை!" என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும்.